அரேபியக் கடற்கரையின் அலையாத்தி நத்தை

டெரெப்ராலியா பாலுஸ்ட்ரிஸ் என்பது அலையாத்திக் காடுகளின் சேற்றில் வாழும் நத்தை இனங்களுள் மிகப் பெரியது. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் மேற்குப் பசிபிக் தீவுகள் வரை இது பரவியுள்ளது. ஒரு காலத்தில் ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் கரையோரக் காயல்களில் இந்த நத்தை ஏராளமாக வாழ்ந்தது. புதிய கற்கால மீனவர்கள் அதை உண்டபின் எறிந்த ஓடுகள் அங்கு இன்றும் மேடுகளாகக் கிடக்கின்றன. உயிருள்ள நத்தையோ அக்கரையில் ஓரிரு கழிமுகங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. அரேபியக் கரையில் மறைந்துபோன அலையாத்திக் காடுகளின் வரலாற்றை அறிய இந்த ஓடுகள் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாக உள்ளன.

பெயரும் வகைப்பாடும்

சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1767-இல் இந்த இனத்துக்கு ஸ்ட்ராம்பஸ் பாலுஸ்ட்ரிஸ் எனப் பெயரிட்டார். பாலுஸ்ட்ரிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சதுப்பில் வாழ்வது என்று பொருள். 1840-இல் ஆங்கிலேய இயற்கை அறிஞர் வில்லியம் சுவைன்சன் டெரெப்ராலியா என்ற பேரினத்தை உருவாக்கினார். இப்போது இந்த இனம் அதில்தான் வைக்கப்பட்டுள்ளது. டெரெப்ரா என்பது லத்தீனில் துளையிடும் கருவியைக் குறிக்கும். நீண்டு திருகி முனை கூர்ந்த ஓட்டுக்கு அப்பெயர் பொருந்துகிறது.

இது பொட்டாமிடிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அலையாத்திச் சேற்றிலும் அதை ஒட்டிய உப்பங்கழிகளிலும் வாழும் நத்தைகளே இக்குடும்பத்தில் மிகுதி. தமிழ்நாட்டில் பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் சேற்றில் காணப்படும் டெலஸ்கோப்பியம் நத்தையும், சேற்றுப் பரப்பில் திரளாகக் கிடக்கும் சிறிய பைரனெல்லா நத்தையும் இதன் உறவினங்கள். இந்தியாவில் டெரெப்ராலியா பாலுஸ்ட்ரிஸ் பற்றிய முதன்மையான களஆய்வு அந்தமான் தீவுகளில் நடந்தது. எச். சீனிவாச ராவ் அங்கு இந்த நத்தையின் வளர்ச்சியையும் பழக்கங்களையும் கவனித்து 1938-இல் இந்திய அருங்காட்சியக ஆய்விதழில் கட்டுரை எழுதினார். அக்காலத்தில் அது பைராசஸ் பாலுஸ்ட்ரிஸ் என்ற பெயரில் அறியப்பட்டது.

உடலும் உணவும்

இதன் ஓடு தடித்தது, பழுப்பு நிறமுடையது. வழக்கமாக 12 செ.மீ. அளவுக்கு வளரும். 19 செ.மீ. நீளமுள்ள ஓடுகளும் கிடைத்துள்ளன. ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ள வட்டமான மூடி ஒன்று உண்டு. கடல்நீர் வடிந்து சேறு காயும் நேரத்தில் நத்தை உள்ளே ஒடுங்கி, மூடியால் வாயை அடைத்து ஈரத்தைக் காத்துக்கொள்ளும்.

இளநத்தையும் வளர்ந்த நத்தையும் வெவ்வேறு உணவை உண்கின்றன. மற்றச் சேற்று நத்தைகளைப் போலவே இளநத்தை சேற்றின் மேற்பரப்பில் படிந்த நுண்பாசியையும் மக்கிய துகள்களையும் சுரண்டித் தின்னும். ஏறத்தாழ 5 செ.மீ. அளவை எட்டும்போது அதன் அரம் போன்ற நாக்கிலுள்ள பற்களின் வடிவம் மாறுகிறது. அதன்பின் மரத்திலிருந்து உதிர்ந்த இலைகளே அதற்கு முதன்மை உணவு. தோல் போலத் தடித்த அலையாத்தி இலையை அறுத்துத் தின்னக்கூடிய நத்தைகள் மிகச் சிலவே.

உணவைப் போலவே இருப்பிடமும் வயதுக்கு ஏற்ப மாறுகிறது. இளநத்தைகள் ஈரம் நீங்காத சேற்றுப் பள்ளங்களில் இருக்கும். வளர்ந்தவை மரநிழலில் இலைகள் விழும் இடங்களை நாடும். ஆகவே இந்த இனம் ஓரிடத்தில் நிலைத்திருக்க இலை உதிர்க்கும் மரங்களும், அவற்றை அடுத்து ஓதநீர் வந்துபோகும் ஈரச்சேறும் தேவை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒரு தலைமுறை அற்றுப்போகும்.

காட்டில் அதன் பணி

கென்யாவின் காஸி விரிகுடாவிலும் மிடா கழிமுகத்திலும் இந்த நத்தை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அங்கு உதிர்ந்த இலைகளுக்காக நத்தைகளும் நண்டுகளும் போட்டியிடுகின்றன. நண்டு இலையைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்லும். நத்தை இலை கிடக்கும் இடத்திலேயே தின்னும். ஒரு நத்தை தின்னத் தொடங்கியதும் அடுத்தடுத்து மற்ற நத்தைகளும் அதே இலையில் வந்து சேர்கின்றன. பல நத்தைகளின் எடையில் அழுந்திய இலையை நண்டால் இழுக்க முடிவதில்லை. மிடா கழிமுகத்தில் ஆராய்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள், நீர் வடிந்த வேளையில் கடிபட்ட இலையிலிருந்து காற்றில் பரவும் மணத்தைக் கொண்டே நத்தைகள் அதைக் கண்டடைகின்றன என்று காட்டினர்.

உதிர்ந்த இலைகளை ஓதநீர் கடலுக்கு அடித்துச் செல்லும் முன்பே இந்த நத்தை தின்றுவிடுகிறது. அதன் கழிவு சேற்றில் கலந்து நுண்ணுயிர்களுக்கும் சிறு உயிர்களுக்கும் உணவாகிறது. இவ்வாறு இலையின் சத்து காட்டுக்குள்ளேயே தங்குகிறது.

இனப்பெருக்கம்

இந்த நத்தைகளில் ஆண், பெண் தனித்தனி. முட்டைகள் பசை போன்ற நீண்ட இழைகளில் இடப்படுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி நீரில் மிதந்து திரிந்து, பின் தகுந்த சேற்றில் இறங்கி நத்தையாக வளர்கிறது. வளர்ந்த நத்தை தடித்த ஓட்டின் துணையால் பல இடர்களைத் தாங்கும். மிதக்கும் பருவமும் இளமைப் பருவமும் எளிதில் பாதிப்படைபவை. வளர்ந்த நத்தைகள் நிறைய இருந்தும் இளநத்தைகள் இல்லாத கூட்டம், வெளிப்பார்வைக்கு வளமாகத் தோன்றினாலும் அழிவை நோக்கிச் செல்லும் கூட்டமாகும்.

மனிதர் உணவு

பொட்டாமிடிடே குடும்பத்து நத்தைகளைக் கடற்கரை மக்கள் பல நாடுகளில் உண்கின்றனர். வட ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களுக்கு டெரெப்ராலியா இன்றும் விருப்பமான உணவு. அவர்கள் அதைத் தணலில் சுட்டு, ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கின்றனர். மலேசியாவில் இக்குடும்பத்தைச் சேர்ந்த செரித்திடியா நத்தையின் முனையை வெட்டி, தேங்காய்ப்பாலில் சமைத்து, உறிஞ்சி உண்பர். அதன் மலாய்ப் பெயரான சிப்புட் செடுட் என்பதற்கு உறிஞ்சும் நத்தை என்றே பொருள்.

இந்த நத்தையைப் பிடிக்கப் படகோ வலையோ தூண்டிலோ வேண்டியதில்லை. நீர் வடிந்த பின் சேற்றில் நடந்து கையால் பொறுக்கினால் போதும். கடல் கொந்தளிக்கும் காலத்திலும் கிடைக்கும். தொல்பழங்காலக் கடற்கரை மக்கள் அலையாத்திக் காடுகளை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டுமேடுகள்

ஓமனின் தலைநகரான மஸ்கட்டில் குரும் என்ற பகுதி உள்ளது. குர்ம் என்பது அலையாத்தி மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல். அதை அடுத்துக் கடலுக்குள் நீண்ட ராஸ் அல்-ஹம்ரா என்ற முனையில் தொல்பழங்கால மீனவர் குடியிருப்புகள் பல அகழப்பட்டுள்ளன. இத்தாலியத் தொல்லியலாளர்கள் 1980-களில் இங்கு விரிவாகப் பணியாற்றினர். குடியிருப்புகளுள் பழமையானது கி.மு. 6-ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. ஆர்.எச்.-5 என்று குறிக்கப்படும் இடத்தில் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இடுகாடு கிடைத்தது. சில கல்லறைகளில் ஆமைத் தலைகளும் வைக்கப்பட்டிருந்தன.

இம்மக்கள் மீன், கடலாமை, சிப்பி, நத்தை ஆகியவற்றை உண்டனர். குடியிருப்புகளின் குப்பை அடுக்குகளில் டெரெப்ராலியா ஓடுகள் கிடைத்தன. அடுப்புக் கரியை ஆராய்ந்த மார்கரேட்டா டெங்பெர்க், அலையாத்தி மரமே முக்கிய விறகாக இருந்ததை வெளிப்படுத்தினார். உணவும் விறகும் ஒரே காட்டிலிருந்து வந்தன.

அமீரகத்தின் டெல் அப்ராக் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பிலும், ஓமன் வளைகுடாவை ஒட்டிய கல்பாவிலும் இதே ஓடுகள் கிடைத்துள்ளன. இத்தாலியத் தொல்லியலாளர் பாவ்லோ பியாஜி ஓமனில் ஆராய்ந்த பின்னர் பாகிஸ்தானின் சிந்து, லாஸ் பேலா கரைகளிலும் டெரெப்ராலியா மேடுகளைக் கண்டறிந்து காலம் கணித்தார். அவற்றுள் சில 6,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. இன்று கடலிலிருந்து விலகி நிற்கும் சிராண்டா ஏரியைச் சுற்றி இம்மேடுகள் காணப்படுகின்றன. அந்த ஏரி ஒரு காலத்தில் அலையாத்தி மரங்கள் சூழ்ந்த காயலாக இருந்தது என்பதற்கு இவையே சான்று.

ஓட்டின் சான்று

தொல்லியலில் இந்த நத்தைக்குத் தனி இடம் உண்டு. மீன் எலும்பு கிடைத்தால் அருகில் கடல் இருந்தது என்று மட்டுமே கூற முடியும். டெரெப்ராலியா ஓடுகள் குவியலாகக் கிடைத்தால் அருகில் அலையாத்திக் காடு இருந்தது என்று கூறலாம். அலையாத்தி மரம் மக்கி மறைந்துவிடும். ஓடு பல்லாயிரம் ஆண்டுகள் நிற்கும். இன்று மணலும் உப்புப்படுகையும் மட்டுமே உள்ள பல இடங்களில் பழைய காடுகளின் எல்லையை ஆய்வாளர்கள் இந்த ஓடுகளைக் கொண்டு அறிகின்றனர்.

காலக்கணிப்பிலும் இதன் உணவுப் பழக்கம் குறுக்கிடுகிறது. கடல்நீரில் கரைந்துள்ள கார்பன், காற்றிலுள்ளதைவிடப் பழையது. ஆதலால் கடலுயிரிகளின் ஓடுகள் கார்பன்-14 கணிப்பில் உண்மையான வயதைவிடக் கூடுதல் வயதைக் காட்டும். டெரெப்ராலியாவோ, காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளர்ந்த இலையைத் தின்னும் நத்தை. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பியும் இந்த நத்தையும் ஒரே நாளில் ஒரே அடுப்பருகே எறியப்பட்டிருந்தாலும், இரண்டும் ஒரே வயதைக் காட்ட வேண்டியதில்லை. கல்பாவில் கிடைத்த டெரெப்ராலியா ஓடுகளையும் அனடாரா சிப்பிகளையும் கரித்துண்டுகளோடு ஒப்பிட்டு, சூசன் லிண்டாவரும் உடன் ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டை அளந்தனர். கடற்கரையின் பழைய நிலையை அறியவும் இவ்வேறுபாடு உதவுகிறது.

காட்டின் சரிவு

இன்று அரேபியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இயற்கையாக வளரும் அலையாத்தி மரம் வெண்கண்டல் ஒன்றே. மிகுந்த உப்பையும் வெயிலையும் தாங்கும் மரம் அது. ஆனால் ஓமனின் பழைய காயல் படிவுகளில் ரைசோபோரா மரத்தின் மகரந்தமும் கிடைத்துள்ளது. தாங்குவேர்கள் ஊன்றி நிற்கும் அந்த மரம், உப்பு அளவுக்கு மிஞ்சினால் பிழைக்காது. பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்-மாரி லெசீனும் குழுவினரும் 2002-இல் இம்மகரந்தச் சான்றுகளை வெளியிட்டனர். முன்பு அக்கரைக்கு நன்னீர் இன்றைவிட மிகுதியாக வந்தது என்பதை அவை காட்டுகின்றன.

அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் பருவமழை இப்போதைவிட வடக்கே எட்டிப் பெய்தது. இன்று வறண்டு கிடக்கும் வாதி எனப்படும் காட்டாறுகளில் நீர் ஓடிக் காயல்களை அடைந்தது. பின்னர் மழைப்பட்டை தெற்கே விலகியது.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலெஸ்கா டெக்கரும் குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஓமன் கரையில் அலையாத்திக் காடுகள் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் சரிந்தன என்று காட்டியது. மனிதர் அளவுக்கு மீறி வெட்டியதோ கடல்மட்ட மாற்றமோ இதற்கு முதன்மைக் காரணம் அன்று என்பது அவர்கள் முடிவு. மழை குறைந்ததால் மண்ணில் உப்பு ஏறியதையும் குளிர்காலத் தட்பத்தையும் அவர்கள் காரணமாகக் காட்டினர்.

எல்லாக் காடுகளும் ஒரே நேரத்தில் அழியவில்லை. நீர்வரத்து சிறிதேனும் நீடித்த கழிமுகங்களில் வெண்கண்டலும், அதன் இலையைத் தின்று நத்தையும் தாக்குப்பிடித்தன. வெண்கலக் காலக் குடியிருப்புகளில் கிடைத்த ஓடுகள் இதற்குச் சான்று. எனினும் தொடர்ச்சியாக இருந்த காடு துண்டு துண்டாயிற்று. ஒரு கழிமுகத்தில் நத்தைக் கூட்டம் அழிந்தால், அண்டைக் கழிமுகத்திலிருந்து மிதந்து வரும் இளவுயிரிகளால் அது மீளக்கூடும். இடைப்பட்ட காடுகள் மறைந்தபின் அந்த வாய்ப்பும் அருகியது.

எழுத்துச் சான்றுகள்

கி.மு. 325-இல் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் சிந்து முகத்துவாரத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்குக் கப்பலில் சென்றார். வழியில் மக்ரான் கரையில் கண்ட மக்களைக் கிரேக்கர்கள் மீனுண்ணிகள் என்று அழைத்தனர். அப்பயணங்களில் கிடைத்த செய்திகளைக் கொண்டு கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் தமது தாவர நூலில் கடல்நீரில் நின்று வளரும் மரங்களை விவரித்தார். அலையாத்திக் காடுகளைப் பற்றிய மிகப் பழைய எழுத்து விவரிப்புகளுள் இது ஒன்று. அதற்குள் அரேபியக் கரையின் காடுகள் சரிந்து ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் கடந்திருந்தன. அச்சரிவுக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. படிவும் மகரந்தமும் ஓடுமே உள்ளன.

பிற்காலத்தில் வளைகுடா நகரங்கள் கட்டுமரத்தைக் கடல்கடந்து பெற்றன. கென்யாவின் லாமு, தான்சானியாவின் ரூஃபிஜி ஆகிய கழிமுகங்களில் வெட்டிய அலையாத்திக் கழிகள் பாய்மரக் கப்பல்களில் வந்தன. வளைகுடாவின் பழைய வீடுகளில் அறையின் அகலம் அக்கழியின் நீளத்துக்கு ஏற்ப அமைந்தது. இவ்வணிகம் 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இன்று எஞ்சியுள்ள இடங்கள்

அமீரகத்தில் வாழும் மக்களிடையே இயற்கை ஆய்வில் ஈடுபட்ட கேரி ஃபியூல்னர் 2000-இல் இந்த நத்தையின் நிலையைத் தொகுத்து எழுதினார். ஓடுகள் கரை நெடுகிலும் பரவலாகக் கிடைக்க, உயிருள்ள நத்தைகளோ அமீரகத்தின் கிழக்குக் கரையிலுள்ள கோர் கல்பா, ஓமனின் மஹூத் தீவு போன்ற மிகச் சில இடங்களிலேயே உள்ளன. பாரசீக வளைகுடாவுக்குள் இருக்கும் அமீரகக் கரையில் பழைய ஓடுகள் மட்டுமே காணப்படுகின்றன.

கோர் கல்பா ஷார்ஜாவுக்கு உட்பட்ட பழமையான வெண்கண்டல் காடு. அரிய மீன்கொத்தித் துணையினம் ஒன்றுக்கும் இது உறைவிடம். 2012-இல் இப்பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2013-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே இடத்தில் வாழும் கூட்டத்துக்கு எண்ணெய்க் கசிவோ கழிமுகம் தூர்வதோ ஒருமுறை நேர்ந்தாலும் போதும்; அமீரகத்தில் அந்த இனமே இல்லாமற்போகும்.

இத்தகைய சுருக்கம் அரேபியாவில் மட்டும் நிகழவில்லை. தென்னாப்பிரிக்காவில் முன்பு இன்னும் தெற்கிலுள்ள கழிமுகங்களிலும் வாழ்ந்த இந்த நத்தை, இன்று மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி விரிகுடாவோடு நின்றுவிட்டது.

நடப்பட்ட காடுகள்

அமீரகத்தில் அலையாத்தி மரம் நடும் பணி 1970-களில் ஷேக் சாயித் காலத்தில் தொடங்கியது. 2030-க்குள் 10 கோடி அலையாத்தி மரங்களை நடப்போவதாக 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அமீரகம் அறிவித்தது. ஓமனில் குரும் காடு 1975 முதல் காப்பிடமாக உள்ளது. ஜப்பானின் உதவியோடு நாற்றங்கால்களும் அமைக்கப்பட்டன. அபுதாபியில் வெண்கண்டல் பரப்பு பெருகியுள்ளது. மீனும் நண்டும் பறவையும் அங்கு வாழ்கின்றன. சேற்றில் சிறிய பைரனெல்லா நத்தைகள் திரளாக உள்ளன. டெரெப்ராலியா அங்குத் திரும்பவில்லை.

மரத்தை நாற்றங்காலில் வளர்த்து நடலாம். அதன் இலையைத் தின்னும் நத்தைக்கு, இளவுயிரி வந்துசேரும் தொலைவில் தாய்க்கூட்டம் இருக்க வேண்டும். ஈரம் காயாத சேறும், உப்பு அளவோடு உள்ள நீரும் வேண்டும். அலையாத்திக் காட்டின் மீட்சியை மரங்களின் எண்ணிக்கையால் அளப்பதே இன்றைய வழக்கம். 7,000 ஆண்டுகளுக்கு முன் குரும் காயலில் மீனவர்கள் கூடை நிறையப் பொறுக்கிய நத்தையை வைத்து அளந்தால், அக்கரையின் காடு இன்னும் முழுமையாக மீளவில்லை. அதனாலேயே கோர் கல்பாவிலும் மஹூத் தீவிலும் எஞ்சியுள்ள கூட்டங்களைக் காப்பது இன்றியமையாததாகிறது. அரேபியக் கரையில் இந்த இனம் மீண்டும் பரவ வேண்டுமெனில் அவையே தொடக்கமாக அமைய முடியும்.